பிராடியா, யுனைட்டஸா: வேறு வேறு காலத்துக் குவாட்டர்பேக்குகளை எதை வைத்து அளப்பது?

11 பிப்ரவரி 2025 – வாசகர் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான 59-வது சூப்பர் பௌலில் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து அணியை நடத்துகிறவர்) மகோம்ஸ், ஈகிள்ஸ் அணியிடம் 40-22 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அதோடு வழக்கு முடிந்தது. பிராடி 7 கோப்பை, மகோம்ஸ் 3. பிராடி 649 டச்டவுன் பாஸ் (கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளியான எறிதல்), 212 இன்டர்செப்ஷன் (எதிராளி பறித்த எறிதல்). பழைய ஆட்கள் யாரும் பக்கத்தில் நிற்க முடியாது. ஜானி யுனைட்டஸ் என்று பெரிசுகள் உருகுகிறார்கள். அவர் 290 டச்டவுன், 253 இன்டர்செப்ஷன். இன்றைக்கு இப்படி எறிந்தால் பெஞ்சில்கூட உட்கார வைக்க மாட்டார்கள். மறுப்பவர்கள் உண்டா?

11 பிப்ரவரி, இரவு – என் பதில்

பிராடி பெரியவர்தான். கணக்குப் போட்ட விதம்தான் தப்பு.

253-ஐத் தனியாகப் பிடித்துக்கொண்டால் யுனைட்டஸ் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தவர் மாதிரிதான் தெரியும். அவர் எறிந்தது மொத்தம் 5,186 பாஸ். நூற்றுக்கு 5-க்குக் கொஞ்சம் குறைவாக எதிராளி கைக்குப் போயிருக்கிறது. பிராடிக்கு 12,050-ல் 212, நூற்றுக்கு 2கூட இல்லை. வித்தியாசம் பெரிசுதான். ஆனால் அந்தந்தக் காலத்தில் சராசரி ஆள் எவ்வளவு விட்டார் என்று பார்க்காமல் இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது.

அதற்கான சாட்சி, எறிகிறவருக்கு மதிப்பெண் போடும் பாஸர் ரேட்டிங் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. 1973-ல் லீக் (என்.எஃப்.எல்.) அதைக் கொண்டுவந்தபோது, அதற்கு முந்தைய வருஷங்களின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் சராசரி எது என்று வைத்தார்கள். எறிந்ததில் பாதி பிடிபட வேண்டும், ஒரு பாஸுக்கு 7 யார்டு வர வேண்டும், நூற்றுக்கு 5 டச்டவுன், நூற்றுக்கு 5.5 இன்டர்செப்ஷன். இந்த நாலும் அமைந்தால் ரேட்டிங் 66.7. அன்றைக்கு அது ஒழுங்காக வேலை பார்க்கும் ஆளின் மதிப்பெண். இன்றைக்கு லீக் சராசரியே 90-ஐத் தாண்டி நிற்கிறது, 66.7 வாங்குகிறவருக்கு அடுத்த வாரம் வேலை இருக்காது.

அதாவது நூற்றுக்கு 5.5 விட்டால் சராசரி என்று எழுதி வைத்த உலகத்தில் யுனைட்டஸ் 4.9 விட்டார். அவருடைய 78.2 ரேட்டிங்கை 66.7-க்கு எதிரில் வைத்துப் பாருங்கள், 90-க்கு எதிரில் வைக்காதீர்கள்.

12 பிப்ரவரி

ரேட்டிங் பற்றி இன்னொன்று. ஒரு ஆள் எல்லா பாஸையும் தரையில் அடித்தால், ஒன்றுகூடப் பிடிபடாமல் ஒன்றுகூடப் பறிபோகாமல் இருந்தால், அவருக்கு 39.6 கிடைக்கும். உச்சம் 158.3. இன்டர்செப்ஷன் விடாததற்கு அவ்வளவு கூலி. ஆபத்தான இடத்துக்கு எறியத் துணிகிறவரை அந்தச் சூத்திரம் எப்படி நடத்தும் என்பது இதிலேயே தெரிகிறது. ஜோ நேமத் வாழ்நாளில் 173 டச்டவுன், 220 இன்டர்செப்ஷன், ரேட்டிங் 65.5. அதே நேமத்தான் 1967-ல் ஒரே சீசனில் 4,000 யார்டு தாண்டிய முதல் ஆள், அதுவும் 14 ஆட்டத்தில்.

12 பிப்ரவரி, இரவு

'விதி மாறியது, விதி மாறியது என்கிறார்களே, என்னதான் மாறியது' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் ஒரே ஒரு வருஷத்தைச் சொல்வேன்: 1978.

அதற்கு முன்னால் பாஸ் பிடிக்க ஓடும் ரிசீவரை, பந்து கையை விட்டுக் கிளம்பும்வரை, டிஃபென்ஸ் ஆள் மைதானம் முழுக்க இடித்துத் தள்ளிக்கொண்டே போகலாம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மெல் பிளவுன்ட் இதில் கைதேர்ந்தவர். 1978-ல் 5 யார்டுக்கு அப்பால் தொடக் கூடாது என்று வந்தது. அந்த விதியை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். அதே வருஷம் குவாட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். அதுவரை கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தடுக்க வேண்டும். சீசனும் 14 ஆட்டத்திலிருந்து 16 ஆனது. 1977-ல் ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி எடுத்த சராசரிப் புள்ளி 17.2, அதற்குமுன் 1942-ல்தான் அதைவிடக் குறைவு. ஆட்டம் இறுகிப் போய்விட்டது என்று லீக்கே பயந்துதான் கதவைத் திறந்துவிட்டது.

ரிசீவர் 5 யார்டு தாண்டியதும் சுதந்திரமாக ஓடுகிறார். குவாட்டர்பேக்குக்குக் கூடுதலாக ஒரு மூச்சு நேரம் கிடைக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரே கை வேறு கணக்குக் காட்டும்.

13 பிப்ரவரி – திருத்தம்

நேற்று எழுதியதில் அவசரம். 1978 வரை இடித்துத் தள்ளலாம் என்று ஒரே வீச்சில் சொல்லிவிட்டேன். உண்மையில் படிப்படியாகத்தான் கட்டினார்கள். 1974-ல் 3 யார்டு தாண்டியபின் ஒரு தடவைதான் தொடலாம் என்றார்கள். 1977-ல் மொத்தமே ஒரு தடவை என்றார்கள். அதே 1977-ல்தான் தலையில் அறைவதையும் தடை செய்தார்கள். டிஃபென்ஸ் ஆளான டீக்கன் ஜோன்ஸ் தன் எதிரில் நிற்கும் லைன்மேனின் ஹெல்மெட்டில் காதோரம் உள்ளங்கையால் ஓங்கி அறைவார். அந்த லைன்மேன் நிதானத்துக்கு வருவதற்குள் ஜோன்ஸ் குவாட்டர்பேக்கிடம் போயிருப்பார். அது சட்டப்படி செல்லுபடியாகும் ஆட்டமாக இருந்தது. யுனைட்டஸ் எறிந்த காலம் இந்த எல்லாக் கட்டுக்கும் முந்தியது என்பதில் மாற்றமில்லை.

15 பிப்ரவரி

நான் இருப்பது மேரிலாந்தில், பால்டிமோருக்கு வெளியே. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 78 வயது. ஸ்பாரோஸ் பாயின்ட் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் மகன் அவரைத் தாத்தா என்றே கூப்பிடுகிறான், தமிழில். அவரும் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். ஃபுட்பாலை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

1958 டிசம்பர் 28. நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் சாம்பியன்ஷிப், யுனைட்டஸின் அணியான பால்டிமோர் கோல்ட்ஸுக்கும் ஜயன்ட்ஸுக்கும். அப்போது அவருக்கு 12 வயது. மாமா வீட்டு டிவி முன்னால் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். கோல்ட்ஸ் 17-14 என்று பின்தங்கியிருக்கிறது. மிச்சமிருப்பது இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு, பந்து சொந்த 14-வது யார்டில். யுனைட்டஸ் அடுத்தடுத்து மூன்று பாஸ் ரிசீவர் ரேமண்ட் பெரிக்கே போட்டார், மூன்றும் சேர்த்து 62 யார்டு. 7 விநாடி இருக்கும்போது ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்துச் சமன். சாம்பியன்ஷிப் வரலாற்றில் முதல் தடவையாக ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது.

கூடுதல் நேரத்தில் கோல்ட்ஸ் 80 யார்டு நகர்ந்து கோல் கோட்டை நெருங்கும்போது டிவியில் படம் போய்விட்டது. ஒளிபரப்பே அறுந்துவிட்டது. மாமா டிவிப் பெட்டியின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருந்தாராம். அத்தை ஜன்னலைத் திறந்து தெருவில் யாருக்காவது படம் வருகிறதா என்று கத்தினாராம். 'எல்லா வீட்டு ஜன்னலிலும் ஒரு தலை தெரிந்தது' என்றார் பெரியவர். படம் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் கோல்ட்ஸின் ஆலன் அமீச்சி தலையைத் தாழ்த்திக்கொண்டு கோட்டைத் தாண்டினார். 23-17.

இதைச் சொல்லும்போது அவர் வலது கை தானாகவே காதுப் பக்கம் போகும், எறியப்போகிறவர் மாதிரி. இத்தனை தடவை சொல்லியும் ஒரு தடவைகூட அந்தக் கை போகாமல் இருந்ததில்லை.

16 பிப்ரவரி

மேலே சொன்னதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் கடைசி ஓட்டத்தில் ஒவ்வொரு ஆட்டத்தையும் (அடுத்த நகர்வு எப்படி என்ற திட்டத்தை) சொன்னது யார்? யுனைட்டஸ். பெரிக்கே மூன்று தடவை போடலாம் என்று தீர்மானித்தது அவர். கோல் கோட்டருகே, எல்லோரும் ஃபீல்ட் கோலுக்குத் தயாராக இருக்கும்போது, ஓரத்தில் ஓடிய ஜிம் மட்ஷெல்லருக்கு பாஸ் போடத் துணிந்ததும் அவர்.

இன்று குவாட்டர்பேக் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் இருக்கிறது. 1994-லிருந்து அனுமதி. கோச் ஆட்டத்தைச் சொல்வார். அடுத்த நகர்வைத் தொடங்க விடும் நேரத்தைக் காட்டும் பிளே கடிகாரத்தில் 15 விநாடி இருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும், அதற்கப்புறம்தான் குவாட்டர்பேக் தனியாள். இதைச் சொல்லி பிராடியைக் குறைக்கவில்லை. எதிரணி நிற்கும் கோலத்தைப் பார்த்து, அந்த 15 விநாடிக்குள் ஆட்டத்தை மாற்றுவதில் அவரும் பேட்டன் மேனிங்கும் செய்ததை வேறு யாரும் செய்யவில்லை. ஆனால் வேலையின் பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் குவாட்டர்பேக்குகள் தாங்களே ஆட்டம் சொன்னார்கள்.

17 பிப்ரவரி – மறுபடி திருத்தம்

முந்தைய குறிப்பின் கடைசி வரி எல்லோருக்கும் பொருந்தாது. கிளீவ்லன்ட் பிரவுன்ஸின் கோச் பால் பிரவுன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கார்டு என்ற முன்வரிசை இடத்தில் ஆடும் ஒருவரை உள்ளே அனுப்பி, அவர் வாயால் ஆட்டத்தைச் சொல்லி அனுப்புவார். 1956-லேயே ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துப் பார்த்தார். லீக் உடனே தடை போட்டது. அதனால் அந்த அணியின் குவாட்டர்பேக் ஆட்டோ கிரஹாம் யுனைட்டஸுக்கு முந்தியவர் என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் இன்றைய ஆளுக்குத்தான் கிட்டே.

கிரஹாமைப் பற்றி இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை, அது எனக்குப் பொறுக்கவில்லை. 1946 முதல் 1955 வரை பத்து சீசன். பத்திலும் அணி சாம்பியன்ஷிப் ஆட்டம் வரை போனது. ஏழு பட்டம். அதில் நாலு ஏ.ஏ.எஃப்.சி. என்ற போட்டி லீக்கில், மூன்று என்.எஃப்.எல்.-ல். கோப்பையை எண்ணித்தான் தீர்ப்பு என்றால், பத்து வருஷத்தில் ஏழு எடுத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எண்ணுங்கள். பிராடிக்கு 7 எடுக்க 23 சீசன். 'அன்றைக்கு அணிகள் குறைவு' என்பீர்கள். சரி, இன்றைக்கு 32 அணி. அப்படியானால் கோப்பை எண்ணிக்கையும் காலத்துக்குத் தகுந்தபடி மாறுகிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று.

18 பிப்ரவரி

எனக்கு நம்பிக்கை தரும் ஒரு அளவுகோல் உண்டு. ஒரு ஆள் தன் வருஷத்தில் தனக்கு அடுத்து நின்றவரை விட்டு எவ்வளவு தூரம் விலகி நின்றார் என்பது. விதி, மைதானம், பந்து, சீசன் நீளம் எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே.

1984, டான் மரீனோ, மயாமி. 48 டச்டவுன் பாஸ். அடுத்தவர் டேவ் கிரெய்க், 32.
2004, பேட்டன் மேனிங், 49. அடுத்தவர் டான்டே கல்பெப்பர், 39.
2007, பிராடி, 50. அடுத்தவர் டோனி ரோமோ, 36.
2013, மறுபடி மேனிங், 55. அடுத்தவர் ட்ரூ பிரீஸ், 39.
2018, மகோம்ஸ், 50. அடுத்தவர் ஆண்ட்ரூ லக், 39.

வெறும் எண்ணிக்கையில் மரீனோதான் இந்தப் பட்டியலில் கடைசி. ஆனால் அடுத்தவர் இரண்டு போட்டால் அவர் மூன்று போட்டார். இந்தப் பட்டியலில் வேறு யாரும் அந்த விகிதத்தைத் தொடவில்லை. 5,084 யார்டு என்று அந்த வருஷம் அவர் போட்ட சாதனை 2011 வரை நின்றது. 2004-க்கு முன்னால் 5 யார்டு விதியை மறுபடி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜனவரியில் பேட்ரியட்ஸ் டிஃபென்ஸ், மேனிங்கின் ரிசீவர்களை ஒரு ஆட்டம் முழுக்கப் பிடித்து உலுக்கியதன் விளைவு அது. மரீனோவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அவருக்கு சூப்பர் பௌல் கோப்பையும் கிடைக்கவில்லை. அந்த சீசனின் முடிவில் ஜோ மான்டானாவின் சான் பிரான்சிஸ்கோ 49ers அணி 38-16 என்று அவரை வீட்டுக்கு அனுப்பியது. அப்புறம் ஒரு தடவைகூட இறுதி ஆட்டத்துக்கு வரவில்லை. ஒரு அணியின் டிஃபென்ஸ் 38 புள்ளி விட்டதற்குக் குவாட்டர்பேக் தலையில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

18 பிப்ரவரி, பின்னிரவு

மரீனோ யாருடைய சாதனையை முறியடித்தார் என்று மகன் கேட்டான். ஒய்.ஏ. டிட்டில், 1963, 36 டச்டவுன் என்று சொல்லித் தூங்க அனுப்பினேன். அவன் தாத்தாவிடம் போய்ச் சொல்ல, அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஜார்ஜ் பிளாண்டாவை மறந்துவிட்டாயா என்றார். சரிதான். 1961-ல் ஏ.எஃப்.எல். என்ற போட்டி லீக்கில் ஹூஸ்டனுக்காக பிளாண்டாவும் அதே 36. இரண்டு பேரும் பங்காளிகள். 23 வருஷம் நின்ற எண்ணை மரீனோ 12 கூட்டிப் போட்டுத் தாண்டினார்.

22 பிப்ரவரி – இரண்டாம் யோசனை

நாலு நாளாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருக்கிறது. இந்தக் காலத்தில் எல்லாமே எளிதாகிவிட்டது என்ற தொனியில் நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இன்று காலை உட்கார்ந்து, எறிந்த ஒரு பாஸுக்கு எத்தனை யார்டு என்று வகுத்துப் பார்த்தேன்.

யுனைட்டஸ் 7.76. மேனிங் 7.67. மான்டானா 7.5. பிராடி 7.40. நேமத் 7.35.

கிரஹாம் என்.எஃப்.எல்.-ல் ஆடிய ஆறு வருஷத்துக்கு 8.6. அவரைத் தனியாக வைத்துவிடுவோம்.

மற்ற ஐந்து பேரும் எவ்வளவு நெருக்கமாக நிற்கிறார்கள் பாருங்கள். ரேட்டிங் சூத்திரத்தில் 1973-ல் சராசரி என்று எழுதி வைத்த நாலு எண்ணில் பிடிபடும் விகிதம் 50-லிருந்து 65-ஐ ஒட்டி ஏறிவிட்டது. இன்டர்செப்ஷன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பாஸுக்கு 7 யார்டு மட்டும் அப்படியே இன்றைக்கும் 7 பக்கம்தான் நிற்கிறது.

அப்படியானால் என்ன நடந்திருக்கிறது? அன்றைக்கு இரண்டில் ஒன்று பிடிபட்டால் போதும், பிடிபட்டது தூரமாக இருக்கும். இன்றைக்கு மூன்றில் இரண்டு பிடிபடுகிறது, ஒவ்வொன்றும் கிட்டத்தில். 49ers கோச் பில் வால்ஷ் கிட்டத்துப் பாஸை ஓட்டத்துக்குப் பதிலாகவே பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார், மான்டானா அதைச் செய்து காட்டினார். அப்புறம் லீக் முழுக்க அந்த வழியில் போய்விட்டது. விதி மட்டும் ஆட்டத்தை மாற்றவில்லை, அறிவும் மாற்றியிருக்கிறது. பந்தை இழக்காமல் இருப்பதன் விலையை இன்றைய ஆட்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பிராடியின் நூற்றுக்கு 1.76 இன்டர்செப்ஷனை முழுக்க விதியின் கணக்கில் எழுதியது என் தவறு. அதில் பெரும்பங்கு அவருடைய சொந்த உழைப்பு. அவர் காலத்து ஆட்களோடு வைத்துப் பார்த்தாலும் அது குறைவுதான்.

23 பிப்ரவரி

பின்கட்டில் பனி இன்னும் கரையவில்லை. மகன் லீக் அளவுப் பந்தோடு வந்து நின்றான். நானூறு கிராமுக்குச் சற்று மேல், தோல், ஒரு பக்கம் வெள்ளை லேஸ். கையுறையைக் கழற்றிவிட்டு எறிந்தேன். குளிரில் அந்தத் தோல் கல் மாதிரி ஆகிவிடுகிறது. நுனிவிரல் லேஸில் பதிய வேண்டும், கடைசி நொடியில் ஆள்காட்டி விரல் உருட்டிவிட வேண்டும். விரல் மரத்துப்போனால் பந்து எப்போது கையை விட்டது என்றே தெரிவதில்லை. பந்து சுழலாமல் தள்ளாடிக்கொண்டு போகிறது. இருபது யார்டு தூரத்தில் நின்ற பையனுக்கு எறியவே இந்தப் பாடு. எதிரில் யாரும் இல்லை, அடிக்க வருகிறவரும் இல்லை.

டிசம்பரில் திறந்தவெளி மைதானத்தில் எறிந்தவர் கணக்கையும் கூரை போட்ட மைதானத்தில் எறிந்தவர் கணக்கையும் ஒரே பத்தியில் அச்சடிக்கிறோம்.

24 பிப்ரவரி

அடி வாங்குவதைப் பற்றி நேற்றே எழுத நினைத்தேன்.

1964 செப்டம்பரில் பிட்ஸ்பர்கில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. போன வாரம் சொன்ன அதே டிட்டில். ஹெல்மெட் கழன்று போய், வழுக்கைத் தலையிலிருந்து இரண்டு கோடாக ரத்தம் வழிய, கோல் கோட்டருகே மண்டியிட்டுக் கையைத் தொடைமேல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். 37 வயது. அதற்கு முந்தைய வருஷம்தான் 36 டச்டவுன் போட்டிருந்தார். அந்த சீசனோடு ஓய்வு பெற்றார்.

பிராடியின் முழங்கால் 2008-ல் முதல் ஆட்டத்திலேயே போனது. மறு வருஷமே, தரையில் கிடக்கும் ஆள் குவாட்டர்பேக்கின் காலுக்குப் பாயக் கூடாது என்று விதி தெளிவாயிற்று. 2018-ல் உடம்புப் பாரத்தை முழுக்க அவர்மேல் போட்டு விழக் கூடாது என்று இறுக்கினார்கள். நல்லதுதான், இன்னும் வேண்டும். அதனால்தான் ஒரு மனிதர் 43 வயதில் சூப்பர் பௌல் ஜெயித்து 45 வயது வரை ஆடுவதைப் பார்க்க நமக்குக் கொடுத்து வைத்தது. ஆனால் மொத்த எண்ணிக்கையைக் காட்டி டிட்டிலையும் யுனைட்டஸையும் சிறுசாக்கும்போது, அவர்களுக்கு அந்த வருஷங்களை யாரும் காப்பாற்றித் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யுனைட்டஸின் வலது முழங்கை 1968-ல் சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் சிதைந்தது. வயதான பிறகு அந்தக் கையின் விரல்கள் மடங்கவில்லை. கோல்ஃப் ஆடும்போது மட்டையைக் கையோடு ஒட்டுப்பட்டை போட்டுக் கட்டிக்கொள்வார். 40,239 யார்டு எறிந்த கை.

1 மார்ச்

பெரிய ஓட்டை ஒன்றை யாருமே தொடவில்லை, நானும் சேர்த்துத்தான். இத்தனை நாளும் ஆடியவர்களை மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.-ல் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூடக் கிடையாது. 1946-ல் கதவு திறந்தது, குவாட்டர்பேக் இடம் மட்டும் திறக்கவில்லை. மார்லின் பிரிஸ்கோ 1968-ல் டென்வருக்காக, முதல் சீசனிலேயே, 14 டச்டவுன் பாஸ் போட்டார். மறு வருஷம் அந்த இடத்துக்குப் போட்டியிடக்கூட வாய்ப்புத் தரவில்லை. பஃபலோ போய் ரிசீவராக மாறினார், அதிலும் ப்ரோ பௌல் (லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆட்டம்) வரை போனார். ஒரு வருஷத்தில் புது வேலை கற்றுக்கொண்டு அந்த உயரத்துக்குப் போன மனிதருக்குத் தன் சொந்த வேலையில் இன்னும் பத்து வருஷம் விட்டிருந்தால்?

வாரன் மூன் 1978-ல் கல்லூரி அணிகளின் ரோஸ் பௌலில் சிறந்த ஆட்டக்காரர். அணிகள் புது ஆட்களை எடுக்கும் என்.எஃப்.எல். ட்ராஃப்டில் அவர் பெயர் வரவில்லை. கனடாவில் எட்மன்டன் அணிக்குப் போனார். ஆறு சீசன், தொடர்ந்து ஐந்து கிரே கோப்பை, அதுதான் கனடா லீக்கின் பட்டம். 1984-ல்தான் ஹூஸ்டன் வந்தார். அப்படித் தாமதமாக வந்தும் என்.எஃப்.எல்.-ல் 291 டச்டவுன் பாஸ். யுனைட்டஸைவிட ஒன்று கூடுதல். இந்தப் பக்கத்தில் இத்தனை நாளாக 290, 290 என்று அடித்துக்கொள்கிறோம், 291-ஐ ஒருவரும் எடுக்கவில்லை.

1988 ஜனவரி 31-ல் டக் வில்லியம்ஸ் என்ற கறுப்பின குவாட்டர்பேக் சூப்பர் பௌலின் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நாலு டச்டவுன் பாஸ் போட்டு 42-10 என்று ஜெயித்தார். அதற்கப்புறமும் சூப்பர் பௌலில் மகோம்ஸ், ஜேலன் ஹர்ட்ஸ் என்று இரண்டு கறுப்பின குவாட்டர்பேக்குகள் எதிரெதிரே நிற்க 2023 ஆக வேண்டியிருந்தது. ஆகவே என் அளவுகோலும் முழுசில்லை. அடுத்து நின்றவரை விட்டு எவ்வளவு தூரம் என்று அளக்கிறேன் சரி, அந்த அடுத்த இடத்தில் நிற்க விடாமல் தடுக்கப்பட்டவரை எப்படி அளப்பது? 1950-களின் குவாட்டர்பேக் கணக்கு எல்லாவற்றிலும் இந்தக் கழிவு உண்டு. யுனைட்டஸ் கணக்கிலும் உண்டு. அவரைப் பிடித்திருக்கிறது என்பதால் அதை மறைக்க மாட்டேன்.

2 மார்ச்

பழைய குவாட்டர்பேக் சாமி பா பெயரை ஒருவர் கேட்டிருந்தார். 1945-ல் எறிந்ததில் நூற்றுக்கு 70.3 பிடிபட்டது. அந்த எண்ணை 1982-ல்தான் கென் ஆண்டர்சன் தாண்டினார், அதுவும் வேலைநிறுத்தத்தால் குறைந்துபோன சீசனில். 1943-ல் பாஸிங், பன்ட்டிங் (பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்து விடுவது), டிஃபென்ஸில் நின்று பிடித்த இன்டர்செப்ஷன் மூன்றிலும் அவர்தான் லீக் முதல்வர். 1940-ல் அவர் வைத்த பன்ட் சராசரி 51.4 யார்டு, 2022 வரை நின்றது. ஆனால் 1943 போர்க்காலம். ஆள் பற்றாக்குறையால் ஸ்டீலர்ஸும் ஈகிள்ஸும் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடிய வருஷம். மேலே மார்ச் 1 குறிப்பில் சொன்ன கழிவும் முழுசாகச் சேரும். 1940 பன்ட் கணக்கை மட்டும் எந்தக் கழிவும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறேன், காற்றை யாரும் போருக்கு அனுப்பவில்லை.

8 மார்ச்

முதலில் கேட்ட நண்பர் திரும்பி வந்து, 'சுற்றி வளைத்தது போதும், பெயரைச் சொல்லுங்கள்' என்கிறார். சொல்கிறேன்.

நீண்ட வாழ்க்கைக்கு பிராடி. ட்ராஃப்டில் 199-வது ஆளாக எடுக்கப்பட்டு, பத்து சூப்பர் பௌல் ஆடி, 28-3 என்று பின்தங்கிய ஆட்டத்தை 34-28 என்று திருப்பியவர். இதில் எனக்குத் தகராறே இல்லை. ஒரே ஒரு சீசனுக்கு 1984 மரீனோ. ஒரே ஒரு இறுதி ஆட்டம் என்றால் மான்டானா: நாலு சூப்பர் பௌல், நாலும் வெற்றி, 11 டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன் இல்லை.

அந்த வேலையையே உண்டாக்கியவர் யார் என்றால் யுனைட்டஸ். ஸ்டீலர்ஸ் வெளியே அனுப்பியபின் ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு உள்ளூர் மைதானத்தில் எறிந்துகொண்டிருந்த ஆள். கடிகாரத்தை எதிரியாக வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது என்று 1958-ல் காட்டினார். இன்று கடைசி இரண்டு நிமிஷத்தில் எந்தக் குவாட்டர்பேக் களமிறங்கினாலும் அதைத்தான் செய்கிறார். மகோம்ஸ் உட்பட. மகோம்ஸுக்கு இன்னும் வயது இருக்கிறது, அவர் கணக்கை இப்போதே மூட வேண்டாம்.

29 மார்ச்

1984-ல் இதே தேதி விடிவதற்குள் கோல்ட்ஸ் அணி ராத்திரியோடு ராத்திரியாக லாரிகளில் சாமானை ஏற்றிக்கொண்டு இண்டியானபலிஸ் போய்விட்டது. பெரியவர் ஆலைக்குக் கிளம்பும்போது ரேடியோவில் கேட்டாராம். யுனைட்டஸின் எண்கள் எல்லாம் இப்போது அந்த ஊர் அணியின் ஏட்டில் இருக்கின்றன. யுனைட்டஸ் கடைசிவரை அந்த ஊரை ஏற்கவில்லை, பால்டிமோருக்கு ரேவன்ஸ் அணி வந்தபின் அவர்கள் பக்கம் வந்து நின்றார்.

20 ஏப்ரல்

நேற்று மூன்று பேரும் ரேவன்ஸ் மைதானத்துக்குப் போனோம். சீசன் இல்லை, வாசலில் கூட்டமும் இல்லை. யுனைட்டஸின் வெண்கலச் சிலை கையை உயர்த்தி எறியும் நிலையில் நிற்கிறது. காலில் அவருடைய அந்தப் பழைய உயரக் கணுக்கால் ஷூ.

மகன், 'தாத்தா, பிராடி காலத்தில் ஆடியிருந்தால் இவர் எத்தனை டச்டவுன் போட்டிருப்பார்?' என்றான். பெரியவர் பதில் சொல்லவில்லை. சிலையின் ஷூ முனையில் கை வைத்துக்கொண்டு, 'பெரிக்கு மூன்று பாஸ், மூன்றும் அடுத்தடுத்து' என்று ஆரம்பித்தார். வலது கை காதுப் பக்கம் போனது.